அர்ப்பணிப்புள்ள சர்வர் தேவை

எங்கள் குடியிருப்போர் சங்கம் முழுக்க முழுக்க மக்களாட்சி முறைப்படி நடப்பது. தலைவர் ஒன்றைச் சொல்வார். நாங்கள் கை தூக்குவோம். டீ வரும். குடித்துவிட்டுக் கலைவோம். டீ எங்கள் வீட்டிலிருந்து வரும். கூட்ட அறைக்கு அடுத்த வீடு எங்களுடையது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எந்தச் சட்டவிதியிலும் இல்லை.

தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி. எந்தத் துறை என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் கோப்பு எண்ணைச் சொல்வார். அதனால் முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் ஃபைல் சார். நான் செயலாளர். தண்ணீர்த் தொட்டிச் சண்டையன்று வளாகமே கூடிக் கத்தியது. நான் மட்டும் ஆங்கிலத்தில் கத்தினேன். தமிழில் கத்தியவர்கள் சண்டைக்காரர்கள் ஆனார்கள், நான் செயலாளர் ஆனேன். கான்வென்ட் படிப்பு ஒருநாளும் வீண் போகாது.

ஃபேஷன் விஷயத்தில் எங்கள் வளாகம் யாருக்கும் சளைத்ததில்லை. மொட்டை மாடியில் கீரை போட்ட வருடம் உண்டு. எல்லாரும் கூடி உட்கார்ந்து மூச்சை இழுத்து விட்ட வருடம் உண்டு. கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிய வருடமும் உண்டு. எல்லாவற்றிலும் முதலில் பெயர் கொடுத்தவள் நான்தான். அந்தக் கடிகாரம் இப்போது மாவு டப்பாவுக்குப் பின்னால் கிடக்கிறது. அங்கிருந்தும் அவ்வப்போது "எழுந்து நட" என்று என்னை அதட்டுகிறது. நாள் முழுக்க நான் என்ன உட்கார்ந்தா இருக்கிறேன்?

போன வருடம் மின்விளையாட்டு வந்து சேர்ந்தது. ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் எதிர்ப்பக்கம், காதில் ஹெட்போன், கண்ணில் தூக்கம், கம்ப்யூட்டருக்குள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ள வேண்டும். வட்டார மின்விளையாட்டுக் கழகம் என்று ஒன்றைத் தொடங்கி, வளாகத்துக்கு வளாகம் போட்டி வைத்தார்கள். எங்கள் அணிக்குத் தலைவி என் மகள்.

அவளுக்கு ஒரே ஓர் எதிரி. நீச்சல்குளம் வைத்திருக்கும் பக்கத்து வளாகத்து அணித்தலைவி. முகம் பார்த்ததில்லை. ஆட்டத்தில் அந்தப் பெண் வைத்துக்கொண்ட பெயர் கொசு. அடித்தால் விழமாட்டாள் என்பதால் பொருத்தமான பெயர்தான். போன வருடம் கடைசி ஆட்டத்தில் என் மகள் அவளைக் குறிபார்த்துச் சுட்டிருக்கிறாள். ஆனாலும் செத்தது என் மகள்தான்.

"அது எப்படிடி? நீதானே சுட்டே?"

"லேக்மா. என் திரையில அவ அங்கதான் நின்னா. சர்வர் கணக்குல அவ அப்பவே போயிட்டா."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நாம் ஜன்னல் முன்னால் நின்றுகொண்டே இருப்போம். அலுவலகக் கணக்கில் நாம் வரவே இல்லை என்றிருக்கும். எந்த அலுவலகத்திலும் நடப்பதுதான். இதைப் போய்ச் சின்னப்பிள்ளைகள் விளையாட்டு என்று யார் சொன்னது?

அடுத்த வருடம் என் மகளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும், இந்த வருடத்தோடு சரி. கொசுவோடு ஒரே ஒரு ஆட்டம், லேக் இல்லாத ஓர் ஆட்டம். ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி, நிஜமாக ஆடிப் பார்த்துவிட வேண்டும். என் மகள் கேட்டது அவ்வளவுதான். இறுதிப் போட்டி எங்கள் இடத்தில் என்று குலுக்கலில் வந்தது. போட்டி நடத்தும் வளாகம்தான் சர்வர் வைக்க வேண்டும் என்பது விதி.

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"அம்மா, நீதானே செக்ரட்டரி? சங்கத்துல சொல்லி ஒரு டெடிகேட்டட் சர்வர் ஏற்பாடு பண்ணணும். சர்வர்னா என்னன்னு சொல்றேன், கேட்டுக்கோ..."

"எனக்கே இங்கிலீஷ் சொல்லித் தரியா? டெடிகேட்டட்னா என்னன்னு கன்னியாஸ்திரீகள் அடிச்சு அடிச்சு மண்டைல ஏத்தின பொம்பளைடி நான். என்னென்ன வேணும்னு மட்டும் சொல்லு."

சொன்னாள். குக்கர் கத்தியது. மிச்சத்தையும் சொன்னாள். எனக்குக் காதில் விழுந்தது விழுந்தது.

சர்வர் என்றால் என்ன என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. ஹோட்டலுக்குள் போய் உட்கார்ந்தால் தோளில் துண்டோடு வந்து "என்ன வேணும்?" என்று கேட்பவர் சர்வர். பத்துப் பிள்ளைகள் மணிக்கணக்கில் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் சுட்டுக்கொண்டிருந்தால், தண்ணீர் காட்ட ஒரு ஆள் வேண்டாமா? என் மகள் வீட்டில் விளையாடும்போது தட்டை மடியில் வைத்து, டம்ளரைக் கையில் திணித்து, அந்த வேலையை நான்தானே பார்க்கிறேன்? போட்டி என்று வந்தால் அதற்கென்று தனி ஆள் கேட்பது எவ்வளவு நியாயம்! பெற்றவள் கஷ்டம் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது என்று வெங்காயத்தின் மேலேயே இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டேன்.

சங்கக் கூட்டத்தில் விஷயத்தை வைத்தேன். ஃபைல் சார் மூக்குக்கண்ணாடியை இறக்கினார்.

"சங்கத் தீர்மானம் தூய தமிழ்லதான் இருக்கணும். டெடிகேட்டட் சர்வர்னா என்னம்மா?"

"அர்ப்பணிப்புள்ள சர்வர்."

"சர்வரும் தமிழ் இல்லையே?"

"பரிமாறுபவர்."

"அற்புதம்! போடுங்க. 'அர்ப்பணிப்புள்ள பரிமாறுபவர் ஒருவர், இனி சர்வர் எனக் குறிப்பிடப்படுபவர்.' தகுதிகள்?"

என் மகள் சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

"டவுன் ஆகவே கூடாதாம்."

"'பணி நேரத்தில் படுக்கலாகாது.' சரிதான். அப்புறம்?"

"பிங் குறைச்சலா இருக்கணுமாம்."

இந்த இடத்தில் கூட்டம் கொஞ்சம் தடுமாறியது. பிங் என்பது மேசைமணியின் ஓசை என்று பொருளாளர் விளக்கினார். பொருளாளர் என் கணவர். வீட்டில் வாய் திறக்காதவர். சங்கத்தில் விளக்கம் சொல்வார்.

"'ஒரே மணி ஓசையில் வந்து நிற்கவேண்டும்'னு போடலாம் சார்," என்றார்.

"பாக்கெட் லாஸ் அறவே கூடாது."

"இது ரொம்ப முக்கியம்! போன கூட்டத்துல ரெண்டு பிஸ்கட் பாக்கெட் போன இடம் இன்னும் தெரியல. போடுங்க, 'பொட்டலம் காணாமற்போகலாகாது.'"

"நொடிக்கு நூத்தி இருபத்தெட்டு டிக் வேணுமாம்."

ஃபைல் சார் பேனாவை வைத்துவிட்டார். வருகைப் பதிவேட்டில் எந்த ஊழியரையும் நொடிக்கு நூற்று இருபத்தெட்டு முறை டிக் அடிக்க முடியாது, மனிதாபிமானம் என்று ஒன்று இருக்கிறது என்றார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று முடிவாகியது. சூடாகக் கூடாது என்பதற்கு ஒரு டேபிள் ஃபேன் ஒதுக்கினோம். கேம் ஓடும்போது சர்வரில் வேறு எதுவும் ஓடக் கூடாது என்று அவள் சொன்னதில் குக்கர் விசிலுக்குப் பின்னால் 'ஓடக் கூடாது' மட்டும்தான் எனக்குக் கேட்டிருந்தது. "பணியின்போது ஓடலாகாது, நடந்தே பரிமாறுதல் வேண்டும்" என்று எழுதிக்கொண்டார்கள். கடைசியாக, ட்யூனிங்.

"சர்வரை நல்லா ட்யூன் பண்ணணுமாம் சார்."

"சுருதி சேர்க்கணும்கிறீங்களா?"

"ஆமாம் சார். பிள்ளைங்க மனநிலைக்கு இதமா இருக்கணும் போல."

எல்லாரும் கை தூக்கினோம். டீ குடித்தோம். கலைந்தோம்.

நேர்முகத் தேர்வுக்கு ஒரே ஆள் வந்தார். மூடிப்போன ஹோட்டல் ஒன்றில் வேலை பார்த்தவர். மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு, உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தார்.

"சுருதி சேருமா?" என்று கேட்டார் ஃபைல் சார்.

"குளிக்கும்போது சேரும் சார்."

"படுப்பீங்களா?"

"படுக்க மாட்டேன். சாஞ்சுக்குவேன்."

"ஓடுவீங்களா?"

"முதலாளியே ஓடினப்பகூட நான் ஓடல சார்."

அந்த இடத்திலேயே நியமனம். வெள்ளைச் சீருடை, நெஞ்சில் 'சர்வர்' என்று ஒரு வில்லை, தனி நாற்காலி, அதன் எதிரே டேபிள் ஃபேன். அவரும் தன் பங்குக்கு நிபந்தனைகள் போட்டார். மதியம் ஓய்வு, வாரம் ஒருநாள் விடுப்பு, ஒரு நேரத்தில் ஒரு டம்ளருக்கு மேல் தூக்கமாட்டார். "லோடு ஏத்தினா சர்வர் தாங்காதும்மா," என்றார். இதே வார்த்தையைத்தான் என் மகளும் சொல்லியிருந்தாள். சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறோம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கல்லூரியிலிருந்து வந்தவளைக் கையைப் பிடித்துக் கூட்ட அறைக்கு இழுத்துப் போனேன்.

"யாரும்மா இவரு?"

"நீ கேட்டதுடி. டெடிகேட்டட் சர்வர்."

அவர் எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "என்ன வேணும் பாப்பா?" என்றார்.

என் மகள் முதலில் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் கூடவே சிரித்தேன், எதற்கென்று தெரியாமல். அப்புறம் அவள் முகம் என்னவோ போல ஆகித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சர்வர்னா மெஷின்மா. கம்ப்யூட்டர். எல்லாரோட ஆட்டமும் அதுக்குள்ளதான் நடக்கும்."

"மெஷினுக்கு ஏதுடி அர்ப்பணிப்பு?" என்றேன். தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்த பிறகு குரலை உயர்த்துவது என் குணம்.

ஃபைல் சாரிடம் ஓடினாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தீர்மானத்தை எடுத்து மூன்று முறை படித்தார். "இதுல மெஷின்கிற சொல்லே இல்லையேம்மா," என்றார்.

"சார், தப்பா எழுதியிருக்கீங்க."

"தீர்மானத்துல தப்பு இருக்கலாம். நிறைவேறின தீர்மானத்துல தப்பு இருக்க முடியாது."

சரி, போட்டிக்கு முன்னால் கழகத்திலிருந்து ஒரு மேற்பார்வையாளர் வந்து சர்வரைச் சோதிப்பார், அவர் முன்னால் மானம் போகட்டும், அப்போதாவது புத்தி வரும் என்று என் மகள் காத்திருந்தாள். மேற்பார்வையாளர் வந்தார். இளைஞர், கழுத்தில் அடையாள அட்டை, கையில் அட்டையில் செருகிய படிவம். என் மகள் முகத்தில் விளக்கு எரிந்தது.

"சர்வர் இருக்கா?" என்று படித்தார்.

"இருக்கேன்," என்றார் சர்வர்.

மேற்பார்வையாளர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. டிக் அடித்தார். "கூலிங்?" டேபிள் ஃபேன் சுற்றியது. டிக். "டெடிகேட்டட்தானே? வேற வேலைக்குப் பயன்படுத்தறதில்லையே?"

"எந்த வேலைக்குமே பயன்படுத்தறதில்லை சார்," என்றார் என் கணவர். உண்மைதான். டீயை அப்போதும் நான்தான் கொண்டுவந்தேன்.

"சார்," என்று என் மகள் படிவத்தின் மேல் கையை வைத்தாள். "கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க. அது ஒரு ஆளு."

நிமிர்ந்தார். பார்த்தார். மறுபடி படிவத்தைப் பார்த்தார். "ஆளா இருக்கக் கூடாதுன்னு இதுல இல்லையேங்க," என்றார்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. போகும்போது ஃபைல் சாரின் தீர்மான நகலை வாங்கிக்கொண்டு போனார். சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்று கழகத்தில் அதுவரை விதிமுறை எதுவும் கிடையாதாம். தூய தமிழில், பத்திவாரியாக, ஒரு விதிமுறையை அவர்கள் கண்ணால் கண்டது அதுதான் முதல் தடவை. அப்படியே வரிக்கு வரி ஏற்றுக்கொண்டு, இனி ஒவ்வொரு வளாகமும் இப்படி ஒரு சர்வர் வைத்திருக்க வேண்டும் என்று எல்லா வளாகங்களுக்கும் சுற்றறிக்கை விட்டார்கள். தமிழாக்கம் என்று அடியில் என் பெயரும் இருந்தது. அதைப் படம் பிடித்து என் பள்ளித் தோழிகளுக்கெல்லாம் அனுப்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விளைவு என்ன ஆயிற்றென்றால், நீச்சல்குள வளாகத்தில் நிஜமான சர்வர் வைத்திருந்தார்கள். கருப்புப் பெட்டி, பச்சை விளக்கு, பார்க்கவே பயமாக இருக்குமாம். மேற்பார்வையாளர் அங்கே போய், புது விதிப்படி மணி அடித்தார். பெட்டி வரவில்லை. சீருடை இல்லை. சுருதியைச் சோதிக்கப் பாடச் சொன்னாராம். உர்ர் என்று ஒரே சத்தமாம். தகுதி நீக்கம். சர்வர் இல்லாத அணி இறுதிப் போட்டிக்கு எப்படி வரும்? ஆடாமலே கோப்பை எங்களுக்கு வந்தது. ஃபைல் சார் வாங்கி, சர்வர் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். ஒரு டம்ளருக்கு மேல் தூக்காதவர் கோப்பையை மட்டும் இரண்டு கையாலும் தூக்கினார்.

என் மகள் கோப்பையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு வேளை சாப்பிடவில்லை. நான் கதவுக்கு வெளியே தட்டோடு நின்றேன்.

"கொசுவே போன் பண்ணினாம்மா," என்றாள் உள்ளேயிருந்து. "அவளும் அழுதா. 'ஒரே ஒரு ஆட்டம் நிஜமா ஆடலாமா?'ன்னு கேக்கறா."

"ஆடுங்களேன்."

"எதுலம்மா ஆடறது? அவங்க பெட்டியைக் கழகம் சீல் வெச்சிருச்சு."

இப்போது நான் உருப்படியாக ஒரே ஒரு காரியம் செய்தேன். பரணிலிருந்து என் கணவரின் பழைய கம்ப்யூட்டரை இறக்கினேன்.

ஞாயிறு மதியம். இன்டர்நெட் கம்பி எங்கள் சமையலறை ஜன்னல் வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. "வயர்லெஸ் கூடாதும்மா, கம்பி நேரா பெட்டிக்குள்ள போகணும். அப்பதான் சேதி போய்வர்ற நேரம், அதான் பிங், குறையும், வழியில சேதித் துண்டு தொலையற பாக்கெட் லாஸும் இருக்காது," என்று சொல்லிச் சமையல் மேடைமேலேயே கடையை விரித்தாள். மசாலா டப்பாவை நகர்த்தி, மிக்ஸியை இறக்கி, பெட்டியின் பக்கவாட்டுத் தகடைக் கழற்றி வைத்தாள். நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். உள்ளே எதையெதையோ மூடிக்கொண்டே வந்தாள்.

"அதெல்லாம் என்னடி?"

"அப்பாவோட போட்டோ எல்லாம் பின்னாடி ஏறிட்டிருக்கு. நிறுத்தறேன். இது தானா புதுப்பிச்சுக்கற வேலை, அதையும் நிறுத்தணும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கறேன்னு நடுவுல தூங்கும், அதையும் எடுத்துடணும்."

"அந்த நூத்தி இருபத்தெட்டு டிக்?"

"ஒரு நொடிக்கு நூத்தி இருபத்தெட்டு தடவை யார் எங்க நிக்கறாங்க, யாருக்கு என்ன ஆச்சுன்னு பார்த்துட்டே இருக்கும்."

"இதுக்குப் போய் மெஷினா? நான் சும்மாவே பார்ப்பேனே."

அவள் சிரிக்கவில்லை. "அம்மா, இப்ப நல்லாக் கேட்டுக்கோ. இந்தப் பெட்டிக்கு இனிமே ஒரே வேலை. இந்த ஆட்டத்தைத் தவிர வேற எதுவும் இதுல ஓடாது. யார் கூப்பிட்டாலும் கேக்காது. டெடிகேட்டட்னா அதுதான்."

டெடிகேட்டட் என்றால் யார் கூப்பிட்டாலும் எழுந்து ஓடுவது என்றுதான் கன்னியாஸ்திரீகள் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரே வேலையைப் பார்த்துக்கொண்டு மற்றவர்கள் கூப்பிடுவது காதில் விழாமல் இருப்பதற்குப் பெயர் அது என்றால், இத்தனை வருடமாக இந்த வீட்டில் டெடிகேட்டடாக இருந்தது யார்? ஹாலில் என் கணவர் செய்தித்தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"அடுப்பை மட்டும் பத்த வெச்சுடாதே, பெட்டி சூடாகிடும்," என்று சொல்லிவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு தன் அறைக்குள் போனாள்.

ஹாலில் டிவியில் ஆட்டம் தெரியும்படி இணைப்புக் கொடுத்திருந்தாள். சேதி எப்படித்தான் பரவியதோ, ஃபைல் சார் வந்துவிட்டார். தீர்மான நகலுக்கு நன்றி சொல்ல வந்த மேற்பார்வையாளரும் உட்கார்ந்துகொண்டார். விடுப்பு நாள் என்பதால் சாதாரண உடையில் சர்வரும் வந்து, சோபாவில் நல்ல இடமாகப் பிடித்துக்கொண்டார். இந்த ஆட்டத்துக்கு எந்தத் தீர்மானமும் இல்லை, கோப்பையும் இல்லை.

நானும் உட்கார்ந்து பார்த்தேன். ஆட்டம் தெரியாத நானே நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். ஒரு சுற்று இவர்கள், ஒரு சுற்று அவர்கள். சுட்ட குண்டு சுட்ட இடத்தில் பட்டது. உள் அறையிலிருந்து, "லேக்கே இல்லம்மா! லேக்கே இல்ல!" என்று கத்தினாள். அவள் அப்படிக் கத்திச் சந்தோஷப்பட்டுக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! இரண்டு பக்கமும் சமம். கடைசிச் சுற்று. எல்லாரும் விழுந்து, இங்கே என் மகள், அங்கே கொசு, இருவர் மட்டும் மிச்சம். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவள்.

அப்போது சர்வர் சோபாவில் சாய்ந்துகொண்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"அம்மா, ஒரு டீ கிடைச்சா நல்லாயிருக்கும்."

"எனக்குச் சர்க்கரை கம்மி," என்றார் ஃபைல் சார்.

நான் யோசித்திருக்க வேண்டும். யோசிப்பதற்குள் என் கால் எழுந்துவிட்டது. அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது என்றுதானே சொன்னாள்? நான் பற்றவைக்கவில்லை. சொன்ன சொல்லை மீறும் பழக்கம் எனக்குக் கிடையாது. மின்சாரக் கெண்டியில் தண்ணீரைப் பிடித்து, பெட்டி செருகியிருந்த ப்ளக் பலகையிலேயே இன்னொரு ஓட்டை காலியாக இருந்ததால் அதில் செருகி, சுவிட்சைத் தட்டினேன்.

டப் என்று ஒரு சத்தம். மின்விசிறி நின்றது. ஃபிரிட்ஜ் நின்றது.

"அம்மா!" என்று அறையிலிருந்து ஓர் அலறல். "சர்வர் போயிடுச்சு!"

"நான் எங்கேயும் போகலையே பாப்பா," என்றார் ஹாலிலிருந்து சர்வர். "டீக்காகத்தான் உக்காந்திருக்கேன்."

ஆட்டம் இன்றுவரை சமம்தான். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் என் மகள், அந்தப் பக்கம் கொசு. இருவருக்கும் வயது வரம்பு தாண்டிவிட்டது. இதை விசாரிக்கச் சங்கம் ஒரு குழு அமைத்திருக்கிறது, அதற்கும் நான்தான் செயலாளர். இப்போது வளாகத்துக்கு வளாகம் ஒரு சர்வர் இருக்கிறார், சீருடையோடு, ஃபேனோடு. எந்த வளாகத்திலும் டீ மட்டும் இன்னும் பக்கத்து வீட்டிலிருந்துதான் வருகிறதாம்.

எங்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரியுங்கள், சிந்திவிடும். அதைத் துடைப்பதற்கும் டீ போட்டவளையே கூப்பிடுவீர்கள்.